தற்காலிகக் குரல்

"பேர் போடற டைட்டில்ல ஒரு சின்ன மாத்தம்க்கா" என்று தம்பி போனில் சொன்னதை அக்கா கத்தரியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சொன்னவன் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான். ஒரு வாரமாகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டன.

எதுங்க சின்ன மாற்றம்? நான்கு வருடம் அவள் எடிட் செய்த முழுநீளக் கார்ட்டூன் படம் அது. கடைசி மாதத்தில், 'புதுக் கண் ஒண்ணு பாக்கட்டுமே' என்று ஸ்டூடியோ முதலாளி வெளியிலிருந்து ஒரு விருதுக்கார எடிட்டரை அழைத்துவந்து அவள் நாற்காலியில் உட்காரவைத்தார். அவளிடமிருந்த எடிட்டிங் அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். படத்தின் டைரக்டர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்த டைரக்டர் வேறு யாருமில்லை, அவளோடு கூடப் பிறந்த தம்பிதான்.

கத்தரி என்பது ஸ்டூடியோவில் வைத்த பெயர். வெட்டுகிறவள் கத்தரி. ஒலி பார்க்கிற தம்பி மனைவி காது. "நல்லவேளை, கத்தரிக்காய்னு கூப்பிடாம விட்டாங்க" என்று கத்தரியின் கணவர் சொல்லிச் சிரித்த காலம் உண்டு. இந்த வாரம் அவரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் சிறப்புக் காட்சி. படத்தில் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு வரலாம் என்று செய்தி வந்திருந்தது.

"போய்த்தான் ஆகணுமா?" என்றார் கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

"போகலன்னா வீட்ல உக்காந்து வயிறெரியறான்னு சொல்வாங்க."

"போனா?"

"வெக்கமே இல்லாம வந்துட்டான்னு சொல்வாங்க."

"அப்ப போயிடலாம். அங்க ஏசியாவது இருக்கும்."

அவர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவர். கோபம் வந்தாலும் தொழிலை விட்டுப் பேசமாட்டார். "உன் தம்பிக்கு நான் இலவசமா ஒரு பல் செட் செஞ்சு தரலாம்னு இருக்கேன்" என்றார்.

"அவனுக்குப் பல்லு இருக்குங்க."

"அதை எடுக்கற பொறுப்பும் என்னோடதுதான்."

கத்தரிக்குச் சிரிப்பு வந்தது. 

உண்மையில் அவள் போவதாக முடிவு செய்தது மகளுக்காக. மகளுக்கு மைனா என்று பெயர். வாய் ஓயாததால் வந்த செல்லப் பெயர். பதினொரு வயது. காலையிலேயே தலைவாரி, ஷூ போட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் தயாராக நின்றாள்.

"அம்மா, படத்துல நான் பேசின நீர்நாய்க்குட்டி இப்ப எப்படி இருக்கும்? முடியெல்லாம் வரைஞ்சிருப்பாங்களா?"

"ஒவ்வொரு முடியும் வரைஞ்சிருக்காங்கடி."

"ஆனா பேசறது நான் இல்ல, இல்லையா?"

"இல்லம்மா. உன்னுது வரையறதுக்காக எடுத்த தற்காலிகக் குரல்னு அப்பவே சொன்னேன்ல?"

"தெரியும், தெரியும்" என்றாள் மைனா. முகம் மட்டும் ஒரு நொடி தெரியாத மாதிரி இருந்தது.

கார்ட்டூன் படத்துக்கு எடிட்டர் எதற்கு என்று கேட்காத ஆளே இல்லை. கல்யாண வீட்டில் கேட்பார்கள், வங்கியில் கேட்பார்கள், ஒரு தடவை பல் பிடுங்கும்போது டாக்டரே கேட்டார். 'வேணுங்கறதை மட்டும்தானே வரையறீங்க, அப்புறம் வெட்ட என்ன இருக்கு?' வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் அன்று அவளால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் இதுதான். மற்றப் படங்களை எடுத்துவிட்டு வெட்டுவார்கள். கார்ட்டூன் படத்தை வெட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆரம்பத்தில் ஒன்றுமே இருக்காது. பென்சிலில் கிறுக்கிய சில படங்கள் இருக்கும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எது எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று முடிவு செய்து, வீட்டு மனிதர்கள் அக்கம்பக்கத்து மனிதர்கள் குரலைப் பதிவு செய்து பொருத்தி, இருட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சிரிக்கவேண்டிய இடத்தில் யாரும் சிரிக்கவில்லை என்றால் கலைத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. அப்படிக் கலைத்துக் கலைத்து, 'சரி, இதுதான் படம்' என்று எடிட்டர் கையை எடுத்த பிறகுதான் ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து நிஜமாக வரைய ஆரம்பிப்பார்கள். அவள் ஒரு நொடி கூடுதலாக வைத்தால் யாரோ ஒருவருக்கு ஒரு வாரம் முதுகு ஒடியும். அதனால் அவள் ஒரு நொடியைக்கூடச் சும்மா வைத்ததில்லை.

விளம்பரப் படக் கூடத்தில் உதவியாளாக ஆரம்பித்தவள் அவள். பிறகு டி.வி. தொடர், பிறகு குழந்தைகளுக்கான குட்டிக் கார்ட்டூன்கள். அங்கே படம் வரைய ஆள் தேவை என்றதும், வீட்டில் வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நிறுத்தியவளும் அவள்தான். அவன் நன்றாக வரைந்தான். எங்கே நிறுத்துவது என்று மட்டும் அவனுக்குத் தெரியாது. அதை அவள் பார்த்துக்கொண்டாள். அவனுடைய முதல் குறும்படம், இரண்டாவது குறும்படம், இப்போது இந்த முழுநீளப் படம் எல்லாவற்றிலும் அவன் நிறுத்தாத இடத்தில் நிறுத்தியது அவள் கை.

தியேட்டர் சின்னதுதான். ஆனால் முன்கூடத்தில் ஆர்ப்பாட்டம் பெரிதாக இருந்தது. அட்டையில் வெட்டிய நீர்நாய்கள் வரிசையாக நின்றன. காகிதக் குவளையில் ஜூஸ் கொடுத்தார்கள். வரையும் கூடத்துப் பிள்ளைகள் கத்தரியைப் பார்த்ததும் ஓடிவந்தார்கள்.

"கத்தரிக்கா! எங்கக்கா ஆளையே காணோம்?"

"உடம்பு சரியில்லையாமே? அப்படித்தான் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?" என்று கேட்டாள் கத்தரி.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டியதும் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அவளுக்கே தெரியாமல் ஒரு மாதமாக ஊரெல்லாம் பரிதாபப்பட்டிருக்கிறது!

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கூடவே படத்தை வாங்கி வெளியிடுகிற பெரிய மனிதர் ஒருவர்.

"அட, வாங்க வாங்க" என்றார் முதலாளி. பிறகு பெரிய மனிதரிடம் திரும்பி, "இவங்க நம்ம டைரக்டரோட அக்கா" என்றார்.

அவ்வளவுதான். டைரக்டரோட அக்கா. சொந்தக்காரர் கோட்டாவில் இலவசமாகப் படம் பார்க்க வந்த அக்கா.

"அப்படியா? ரொம்பப் பெருமையா இருக்குமே!" என்றார் பெரிய மனிதர்.

"இருந்திருக்கும்" என்றாள் கத்தரி.

கணவர் இருமினார். முதலாளிக்குச் சட்டென்று வேறு யாரையோ பார்க்கவேண்டியிருந்தது.

கூடத்தின் அந்தக் கோடியில் தம்பி நின்றிருந்தான். புதுக் கோட்டு. அக்காவைப் பார்த்தான், கையை அரைவாசி உயர்த்தினான், அந்தக் கையாலேயே தலைமுடியைக் கோதிக்கொண்டான். பக்கத்தில் வரவில்லை. காது மட்டும் வந்தாள். அவள் முகம் தூங்காத முகம்.

"அண்ணி, நீங்க வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"வரக்கூடாதா?"

"அப்படி இல்ல அண்ணி..." காது மைனாவைப் பார்த்தாள். அவள் கன்னத்தைத் தொட வந்த கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். "படம் பாத்துட்டு என்னைத் திட்டுங்க. நான் பின்னாடி ஒலி மேசைகிட்டதான் இருப்பேன். எங்கயும் ஓடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எதற்குத் திட்டவேண்டும் என்று கத்தரிக்குப் புரியவில்லை. அவர்களுக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது.

முதல் பத்து நிமிடம் கத்தரி படம் பார்க்கவில்லை, குற்றம் தேடினாள். விருதுக்காரர் எங்கே கை வைத்திருக்கிறார்? நீர்நாய்கள் ஆற்றில் சறுக்கி விளையாடும் இடத்தில் கொஞ்சம் வேகம் கூட்டியிருந்தார். மீன் திருடும் இடத்தில் ஒரு சிரிப்பைக் கெடுத்திருந்தார். மற்றதெல்லாம் அவள் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒவ்வொரு நிறுத்தமும், ஒவ்வொரு திருப்பமும். தன் வீட்டில் யாரோ குடியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போலிருந்தது.

குட்டி நீர்நாய்க்குக் குரல் கொடுத்தது ஒரு பிரபல நடிகரின் மகள். நன்றாகத்தான் பேசினாள். கொஞ்சம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஆனால் நன்றாகத்தான். மைனா வாய்க்குள்ளேயே கூடக் கூட வசனம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பிறகு வெள்ளம் வரும் காட்சி வந்தது.

அந்தக் காட்சிக்காகக் கத்தரி இரண்டு வருடம் சண்டை போட்டிருக்கிறாள். குட்டி நீர்நாயும் அதன் அக்காவும் கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருக்கும்போது வெள்ளம் வந்துவிடும். அக்கா காணாமல் போய்விடும். அது இன்னும் ஒளிந்திருப்பதாகவே நினைத்துக் குட்டி தேடும். தேடிக் களைத்து, தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடும். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காது. வெறும் தண்ணீர் ஓடும். ரொம்ப நேரம் ஓடும். 'இவ்ளோ நேரம் சும்மா தண்ணியக் காட்டினா ஜனங்க பாத்ரூம் போயிடுவாங்க' என்று முதலாளி கத்தியிருக்கிறார். தம்பிகூட வெட்டச் சொன்னான். அவள் மாட்டேன் என்றாள்.

அந்தக் காட்சிக்குத் தற்காலிகக் குரல் பதிவு செய்தபோது மைனாவுக்கு ஏழு வயது. சத்தம் வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் அவளை உட்காரவைத்து, காதுதான் பதிவு செய்தாள். எழுதியிருந்த வசனம் 'அக்கா, எங்க இருக்கே?' என்பது மட்டும்தான். மைனா அதைச் சொன்னாள். பிறகு யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாக இன்னொன்றும் சொன்னாள்.

திரையில் குட்டி நீர்நாய் நனைந்த முகத்தைத் தூக்கியது.

"அக்கா, எங்க இருக்கே?"

கத்தரியின் முதுகு நிமிர்ந்தது.

"நான் தோத்துட்டேன்க்கா. வெளிய வா."

மைனாவின் நகங்கள் அவள் கையில் பதிந்தன.

"அம்மா" என்றாள் மைனா. "அம்மா, அது நான்."

அவள்தான். ஏழு வயது மைனா. 'தோத்துட்டேன்' என்று சொல்லும்போது விழுந்த முன்பல் வழியாகக் காற்று போகிற அந்தச் சத்தம்கூட அப்படியே இருந்தது. நடிகரின் மகளுக்கு அது வரவில்லை போலிருக்கிறது. வராததால் பழையதையே வைத்துவிட்டார்கள். வேறு காட்சிகளில் அந்தக் குழந்தை, உயிர் போகிற இடத்தில் இந்தக் குழந்தை.

வெறும் தண்ணீர் ஓடியது. யாரும் பாத்ரூம் போகவில்லை. முன்வரிசையில் பெரிய மனிதர் கைக்குட்டையை எடுத்தார். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். கத்தரிக்கும் கண் நிறைந்தது. ஆனால் எல்லாரும் அழுத காரணம் வேறு, அவள் காரணம் வேறு. கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பாளே! 'அக்கா, மைனா குரலையே வெச்சுக்கறோம்' என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு வாயில்லையா அவனுக்கு?

படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. மைனா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

படத்தொகுப்பு என்று போட்டு விருதுக்காரர் பெயர் வந்தது. தனியாக, பெரிதாக. குட்டி நீர்நாயின் குரல் என்று போட்டு நடிகரின் மகள் பெயர் வந்தது. பிறகு வரைந்தவர்கள், வண்ணம் கொடுத்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், சாப்பாடு கொடுத்தவர்கள். மைனா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். எல்லாம் முடிந்து 'நன்றி' என்று வந்தது. இடம் தந்து உதவியவர்கள், வண்டி நிறுத்த அனுமதித்த பக்கத்துக் கட்டடக்காரர், அதற்குக் கீழே கத்தரியின் பெயர்.

வண்டி நிறுத்த இடம் கொடுத்தவருக்குக் கீழே!

"அடப்பாவி" என்றார் கணவர், வாய்விட்டு.

"என் பேரு வரலையேம்மா" என்றாள் மைனா.

விளக்கு எரிந்தது. முதலாளி மைக்கோடு மேடையேறினார். பின்னாலேயே தம்பி. கைதட்டல் அடங்க நேரமானது.

"அந்த வெள்ளக் காட்சி!" என்றார் முதலாளி. "வெறும் தண்ணியை வெச்சே அழவெச்சுட்டாரே நம்ம எடிட்டர்! அதுதாங்க அனுபவம். இன்னிக்கு வேற வேலை இருக்குன்னு அவர் வரல. வந்திருந்தா காலத் தொட்டிருப்பேன்."

தம்பி தரையைப் பார்த்தான். நான்கு வருடத்தில் அந்தத் தண்ணீரை எத்தனை தடவை வெட்டச் சொன்னோம் என்று எண்ணிக்கொண்டிருந்தானோ என்னவோ.

கத்தரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். வந்தாயிற்று, பார்த்தாயிற்று, பட்டாயிற்று. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தலாம் என்றிருந்தாள். நியாயமாக அன்றைய கதை அதோடு முடிந்திருக்கவேண்டும்.

"பெரியவங்க கிடக்கட்டும்" என்றார் முதலாளி. "குழந்தைங்க சொல்லட்டும். யாருக்கு எந்த சீன் பிடிச்சுது? மைக்கைக் குடுங்கப்பா."

மைனா கையைத் தூக்கினாள். கத்தரி தடுப்பதற்குள் மைக் அவளிடம் வந்துவிட்டது.

"எனக்கு வெள்ளம் வர்ற சீன் பிடிச்சுது" என்றாள் மைனா. குரல் நடுங்கவில்லை. "அதுல கூப்பிடறது நான். ஏன் என் பேரைப் போடல?"

 முதலாளி சிரித்தார். நல்ல பெரிய சிரிப்பு.

"பாத்தீங்களா? படம் அவ்ளோ நெருக்கமா போயிடுச்சு. எல்லாக் குழந்தைக்கும் அது தன் குரல்னே தோணுது! கண்ணு, பொய் சொல்லக்கூடாது. அதைப் பேசினது வேற ஒரு அக்கா."

தியேட்டர் சிரித்தது. செல்லமாகத்தான் சிரித்தார்கள். மைனா அப்படியே நின்றாள். காது நுனிவரை முகம் சிவந்தது. அவள் மேடையைப் பார்த்தாள்.

"மாமா" என்றாள் மைக்கில். "நீங்க சொல்லுங்க மாமா."

மாமா வாயைத் திறந்தான். மூடினான்.

தனக்கு நடந்ததைக் கத்தரி விழுங்கியிருப்பாள். ஒரு மாதமாக விழுங்கிக்கொண்டுதானே இருந்தாள். ஆனால் பெற்ற பிள்ளையை இருநூறு பேர் நடுவில் பொய்க்காரி ஆக்கிச் சிரித்தபோது அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. எழுந்து மைக்கை வாங்கினாள்.

"சார், என் பொண்ணு பொய் சொல்லல."

"அம்மா, அப்புறம் பேசிக்கலாமே..." என்றார் முதலாளி.

"அப்புறம் எதுக்கு? பொய்னு சொன்னது இப்பதானே?"

"அக்கா" என்றான் தம்பி. "ப்ளீஸ். நம்ம வீட்டு விஷயம். வெளிய போய்ப் பேசலாம்."

"வீட்டு விஷயமாடா? அப்ப வீட்டு ஆளுங்களைக் கேக்கலாம்." அவள் திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். "காது, நீதானே பதிவு பண்ணினே? நீதானே சேத்தே? அது யார் குரல்?"

எல்லாத் தலையும் திரும்பியது. ஒலி மேசைக்குப் பின்னால் காது எழுந்து நின்றாள். ஒரு பக்கம் மேடையில் நிற்கும் கணவன், சம்பளம் கொடுக்கிறவர். இன்னொரு பக்கம் மைக்குக்கு எட்டாமல் எக்கி நின்றுகொண்டிருக்கும் மைனா.

"மைனாவோட குரல்தான்" என்றாள் காது. மைக் இல்லாமலே அது முன்வரிசைவரை கேட்டது. "நடிகர் பொண்ணு எவ்வளவோ தடவை பேசிப் பாத்துது. வரல. பாவம், அது மேல தப்பில்ல. பழசையே வெச்சுடுன்னு சொன்னாங்க. நான் வெச்சேன். பெத்தவங்களைக் கேட்டாச்சான்னு நான் கேக்கல. அது என் தப்பு. குழந்தை பொய் சொல்லல."

அதற்குப் பிறகு யாருக்கும் எந்தக் காட்சி பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

முன்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை. பாப்கார்ன் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அங்கேதான் முதலாளி அவளை அழைத்துப்போனார். தம்பியும் காதும் பின்னால் வந்தார்கள். கணவர் மைனாவோடு கதவருகே நின்றுகொண்டார்.

முதலாளி இப்போது சிரிக்கவில்லை. "சரி, நடந்தது நடந்துபோச்சு. படத்தோட கடைசிப் பிரதி திங்கட்கிழமை போகணும். குழந்தை பேரை நான் சேத்துடறேன். குரல்னு போட்டுடறேன். சந்தோஷமா? ஆனா எடிட்டர் விஷயத்தை நீங்க கிளறக்கூடாது. அவர் பேரை வெச்சுத்தான் வெளியூரெல்லாம் வித்திருக்கேன்."

"அது என் வேலை சார்."

"யார் இல்லன்னது? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. குழந்தை பேரா, உங்க பேரா?"

என்ன கேள்வி! பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது?  

"ரெண்டும்" என்றாள்.

"ரெண்டும் முடியாது."

"நான் பிச்சை கேக்கல சார், பாதி போடுங்க போதும்னு சொல்றதுக்கு. அவ பேசினது அவ பேரு. நான் வெட்டினது என் பேரு. ரெண்டும்."

"அப்ப ரெண்டும் இல்ல" என்றார் முதலாளி. கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

தம்பி பாப்கார்ன் மூட்டை மேல் சாய்ந்தான். "ஏன்க்கா இப்படிப் பண்றே? கிடைக்கறதை வாங்கிக்கக் கூடாதா? எனக்கு மட்டும் சந்தோஷமா? அந்தாளு படத்தையே நிறுத்திடுவேன்னு மிரட்டினாரு. நீ என் அக்கா, உனக்குப் புரியும்னு நினைச்சேன்."

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னியே, அதுவும் எனக்குப் புரியும்னு நினைச்சுதான் சொன்னியா?"

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"வெளியாளு செஞ்சிருந்தா கேஸ் போடுவேன்டா. கூடப் பிறந்தவன் செஞ்சா என்ன போடறது? வேலை வாங்கும்போதெல்லாம் எடிட்டர். விட்டுக்குடுக்கணும்னா மட்டும் அக்கா. நல்லா இருக்குடா உன் நியாயம்."

காது தோளில் பையை மாட்டினாள்.

"நீ எங்க போறே?" என்றான் தம்பி.

"ஸ்டூடியோவுக்கு."

"இப்ப எதுக்கு?"

"கடைசிப் பிரதி திங்கட்கிழமை போகணும்ல? அதுக்குள்ள மைனா குரலை எடுத்துடறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"பெத்தவங்களைக் கேக்காம வெச்ச குரல். பேரும் போடமாட்டாங்களாம். அப்புறம் அது படத்துல எதுக்கு? நான்தான் வெச்சேன், நானே எடுக்கறேன். சாவி என்கிட்டதான் இருக்கு."

"எடுத்துட்டு?"

"அந்தப் பொண்ணு பேசினதையே வெச்சுடறேன். அவ பேரு வருது, அவ குரல் வரட்டும். அதுதானே நியாயம்?"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. காது கதவைத் தாண்டிப் போனாள். அவன் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்தான். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பிடிக்கிறான்.

"அக்கா, அவளை நிறுத்துக்கா. நீ சொன்னா கேப்பா. அந்தக் குரல் போச்சுன்னா தண்ணி ஓடற அந்த இடம் வெறும் தண்ணியாயிடும். ஒருத்தரும் அழமாட்டாங்க. அந்த சீன் செத்துடும்க்கா." அவனுக்கு மூச்சு வாங்கியது. "அது உன் சீன்க்கா!"

கத்தரி அவனைப் பார்த்தாள்.

"இதை மேடையில சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் குரல் இல்லாவிட்டால் காட்சி செத்துவிடும். அது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஒரு சத்தம் போட்டால் போதும், படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருக்கும் காது நின்றுவிடுவாள். அவளுக்குள் இருந்த எடிட்டர் 'கூப்பிடு, கூப்பிடு' என்று துடித்தாள்.

மைனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே காதின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

கத்தரி தம்பியின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கூப்பிடவில்லை.